வால்வு ரேடியோவை வெறும் கூடாக்கிவிட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பொருட்களைக் கொண்டு வீட்டை அழகுபடுத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். பித்தளை அண்டாவைப் பூந்தொட்டியாக்குவது, ஆட்டுக்கல்லைத் தோட்டத்தில் இருத்துவது போன்ற யோசனைகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வால்வு ரேடியோவை, அதாவது டிரான்சிஸ்டருக்கு முன்பு வால்வு என்னும் கண்ணாடிக் குழாய்களால் இயங்கிய ரேடியோவைப் பற்றி அதில் இருந்த ஒரு பத்தி அச்சில் வந்திருக்கக் கூடாதது என்பது என் உறுதியான எண்ணம். பரணில் ரேடியோ கிடைத்தால் முதலில் பிளக்கைச் செருகிப் பார்க்கும்படியும், அது பாடாவிட்டால் உள்ளே இருக்கும் துருப்பிடித்த சாமான்களைக் கழற்றிப் போட்டுவிட்டு மரப்பெட்டிக்குள் ஒரு புளூடூத் ஸ்பீக்கரைப் பொருத்தும்படியும் அந்தப் பத்தி வாசகர்களுக்குச் சொல்கிறது. முதல் யோசனை ரேடியோவைக் கெடுக்கும், சில வகை ரேடியோக்களில் ஆளையே கொல்லக்கூடும். இரண்டாவது யோசனை, கெடாமல் தப்பிய ரேடியோவையும் ஒழித்துவிடும். இரண்டுக்கும் மறுப்பாகவே இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். முழுவதையும் வெளியிட இடமில்லையென்றால், மின்சாரம் பற்றிய பகுதியை மட்டுமாவது வெளியிட வேண்டுகிறேன்.

நான் மின்வாரியத்தில் 34 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ரேடியோ பழுதுபார்ப்பது என் தொழில் அல்ல. ஓய்வுக்குப் பிறகு, இதே ஊரில் ஒரு காலத்தில் ரேடியோக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இதுவரை பதினொரு வால்வு ரேடியோக்களை மீண்டும் பேச வைத்திருக்கிறேன். இரண்டை என்னால் பேச வைக்க முடியவில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்றின் கதையைச் சொன்னால் நான் சொல்ல வருவது தெளிவாகும்.

ஆடுதுறைக்கு அருகே உள்ள சிற்றூரில் என் தாய்மாமன் வீடு இருந்தது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டுவதற்காகச் சாமான்களை வெளியேற்றிக்கொண்டிருந்தபோது, பரணின் மூலையில், நெல் கோணிக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவே அந்தப் பிலிப்ஸ் ரேடியோ கிடைத்தது. பழைய இரும்புக்காரர் ஏற்கெனவே வாசலில் தராசோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்காகத்தான் இத்தகைய ரேடியோக்களை அவர்கள் எடுப்பது. பெட்டியை விறகோடு சேர்த்துவிடுவார்கள். அத்தை என்னைப் பார்த்து, “உங்க மாமா தொட்டுத் தொட்டுத் துடைச்சு வச்சிருந்தது. இரும்புக்குப் போடறதுக்குப் பதிலா நீ எடுத்துட்டுப் போப்பா” என்றார்.

மாமா அந்த ரேடியோவை ஒரு குறுவை அறுவடை முடிந்த கையோடு, தீபாவளிக்கு முன்னால் வாங்கினார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அந்தக் குறுவை ஆடுதுறை 27. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் அந்த ரகத்தை ஆடுதுறை 27 என்று சொன்னவர்களைவிட ‘ரேடியோ நெல்’ என்று சொன்னவர்களே அதிகம். திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டு உழவர்கள் அதைப் பயிரிட்டதால் வந்த பெயர் அது. பஞ்சாயத்து ரேடியோவில் கேட்ட நெல்லை விதைத்து, அது கொடுத்த விளைச்சலில் சொந்த ரேடியோ வாங்கிய குடும்பங்களில் எங்கள் மாமா குடும்பமும் ஒன்று. தங்கள் கட்டுரை ‘துருப்பிடித்த சாமான்கள்’ என்று குறிப்பிட்டது இந்த ரேடியோ போன்றவற்றின் உள்ளுறுப்புகளைத்தான் என்பதால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்க அட்டையைக் கழற்றினேன். எலி கூடு கட்டியிருந்தது. வைக்கோலும் நெல் உமியும் கிழிந்த துணியும் ஒரு படி அளவு இருந்தன. எலியின் மூத்திரம் பட்ட இடத்தில், உறுப்புகளைத் தாங்கும் சேஸி என்னும் உலோகத் தகடு துருவேறிப் பொரிந்திருந்தது. அட்டையின் உட்பக்கம், ஓர் உறைக்குள், ரேடியோ உரிமப் புத்தகம் பத்திரமாக இருந்தது. ரேடியோ வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் தபால் நிலையத்துக்குப் போய்க் கட்டணம் கட்டி முத்திரை குத்தி வாங்கிவர வேண்டியிருந்த வழக்கம் 1980களின் நடுப்பகுதியில்தான் ஒழிந்தது. மாமா ஓர் ஆண்டுகூடத் தவறவில்லை.

ஆறு வால்வுகளும் அதனதன் இடத்தில் இருந்தன: ஈ.சி.எச். 81, ஈ.எஃப். 89, ஈ.பி.சி. 81, ஈ.எல். 84, ஈ.இசட். 80, நிலையம் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை ஒளியால் காட்டும், மாயக்கண் எனப்படும் ஈ.எம். 80. வால்வின் கண்ணாடி உச்சியில் வெள்ளிபோல் மின்னும் ஒரு பூச்சு இருக்கும். வால்வுக்குள் மிஞ்சும் காற்றை உறிஞ்சிக்கொள்வதற்காக வைக்கப்படும் பேரியம் அது. அந்தப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வு இனி உதவாது. என் கையில் இருந்த ஆறும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வெள்ளியாகவே மின்னின. துருப்பிடித்தது தகடுதானே தவிர, வால்வுகள் அல்ல. பார்வைக்குப் பாழாகத் தெரியும் ரேடியோவில் பெரும்பாலான உறுப்புகள் நன்றாகவே இருக்கும் என்பதை இந்தப் பதினொரு ரேடியோக்களிலும் கண்டிருக்கிறேன்.

கெடுபவை முக்கியமாக, மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் உறுப்புகளான கண்டென்சர்கள். மெழுகில் தோய்த்த காகிதக் கண்டென்சர்கள் காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக்கொண்டு, தடுத்து நிறுத்த வேண்டிய நேர்மின்சாரத்தைக் கசிய விடுகின்றன. காவிரிக்கரை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். அலுமினியக் குப்பிக்குள் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்துபோய், நீண்ட காலம் மின்சாரம் காணாததால் உள்ளே உள்ள ஆக்சைடு படலத்தை இழந்துவிடுகின்றன. இந்த நிலையில் இருக்கும் ரேடியோவை 230 வோல்ட்டில் நேரே செருகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். வறண்ட எலெக்ட்ரோலிட்டிக் குறுக்குச்சுற்றாகி, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். வால்வு இன்றும் கிடைக்கும். எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்றித் தரும் ஆட்கள் அரிதாகிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் பரணில் தப்பிப் பிழைத்த ரேடியோ, ‘பாடுகிறதா பார்ப்போம்’ என்று செருகிய ஐந்து நிமிடத்தில் சாகிறது.

பெரியவர் எனக்கு முதல் நாளே கற்றுக்கொடுத்த முறை எளியது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ரேடியோவோடு தொடராக, அதாவது மின்சாரம் பல்பைக் கடந்தே ரேடியோவுக்குப் போகும்படி, இணைக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு உதவாது, இழையுள்ள பழைய குண்டு பல்பாகவே இருக்க வேண்டும். அதற்கும் முன்பு, பின்பக்கத்திலுள்ள வோல்டேஜ் செலக்டர் சரியான இடத்தில் இருக்கிறதா என்றும், பொடிந்துபோன ரப்பர் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ரெக்டிஃபையர் வால்வான ஈ.இசட். 80-ஐக் கழற்றி வைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால், உயர் மின்னழுத்தம் எதுவும் உருவாகாமல், வால்வுகளின் ஹீட்டர்களுக்கும் டயல் விளக்குக்கும் மட்டும் மின்சாரம் போகும். பல்பு பளிச்சென எரிந்துகொண்டே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் குறை. ஒரு கணம் எரிந்து மங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருக்கிறது. மாமாவின் ரேடியோவில் பல்பு மங்கியது. ஹீட்டர்கள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் கனிந்து வந்ததை இருட்டில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடுதான்.

அதன் பிறகே கண்டென்சர்களில் கை வைத்தேன். எலெக்ட்ரோலிட்டிக் குப்பியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, இணைப்பை மட்டும் துண்டித்து, சேஸிக்கு அடியில் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர்கள் இரண்டைப் பொருத்தினேன். மேலிருந்து பார்த்தால் ரேடியோ பழையபடியே இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: அதிகத் திறனுள்ளது நல்லது என்று நினைத்து 100, 220 என்று போடுபவர்கள் உண்டு. ஈ.இசட். 80 வால்வு தாங்கும் வரம்பு 50 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் போட்டால் ஒவ்வொரு முறை ரேடியோவைப் போடும்போதும் வால்வின் ஆயுள் தேய்கிறது.

இனி, மிக முக்கியமான ஒரு கண்டென்சர். ரேடியோவைத் திறந்ததும் பெரியவர் என்னிடம், “தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல கப்ளிங் கண்டென்சரைப் பாருங்க. அது கசிஞ்சா வீடு எரியற மாதிரி” என்றார். சுண்டுவிரல் பருமனே உள்ள 0.01 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டென்சர் அது. முன் வால்விலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, அங்கே இருக்கும் நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து, ஸ்பீக்கரை இயக்கும் ஈ.எல். 84 வால்வின் கிரிடுக்கு (வால்வுக்குள் ஓடும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) அனுப்புவது அதன் வேலை. ஈ.எல். 84 முறையாக வேலை செய்யும்போதே 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. அதாவது 12 வாட் வெப்பத்தை அதன் தகடு தாங்குகிறது. அந்த வால்வின் உச்ச வரம்பும் அதே 12 வாட்தான். கிரிடில் சில வோல்ட் நேர்மின்னழுத்தம் கசிந்தாலும் வால்வு வரம்பு மீறி மின்சாரத்தை இழுத்து, தகடு செந்நிறமாகி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய செம்புக்கம்பி அறுந்துபோகும். வால்வைக் கழற்றிவிட்டு, பல்பு வழியாகவே மின்சாரம் கொடுத்து, அந்த கிரிடு முனையை அளந்தேன். ஒரு வோல்ட்கூட இருக்கக் கூடாத இடத்தில் மீட்டர் 9 வோல்ட் காட்டியது. பல்பு இல்லாமல், வால்வோடு, தங்கள் கட்டுரை சொன்னபடி நேரே செருகியிருந்தால் மாமாவின் ரேடியோ அன்றைக்கே முடிந்திருக்கும். புதிய பாலியஸ்டர் கண்டென்சர் ஒன்றின் விலை பத்து ரூபாய்க்குள்தான்.

உயிருக்கு ஆபத்து என்று நான் சொன்னது மிகைப்படுத்தல் அல்ல. வால்வு ரேடியோவுக்குள் 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ஒரு ரெசிஸ்டர் மூலம் அதை வடித்துவிட்டு, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இரு கைகளும் பட்டால் மின்சாரம் மார்பைக் கடந்து போகும். மின்வாரியத்தில் இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதைவிடக் கொடியது மெயின் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ‘ஏ.சி., டி.சி.’ ரேடியோ. நேர்மின்சாரம் வந்த ஊர்களிலும் ஓடுவதற்காக அவை அப்படிச் செய்யப்பட்டன. விலையும் குறைவு என்பதால் சிறிய பேக்லைட் பெட்டி ரேடியோக்கள் பல இந்த வகைதான். யு.சி.எச். 81, யு.சி.எல். 82, யு.ஒய். 85 என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். இவற்றின் ஹீட்டர்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். உலோகச் சேஸி நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும். இரட்டைப் பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸி முழுவதும் ஃபேஸ். திருகுக் குமிழ்களைச் சேஸியோடு பிடித்திருக்கும் சிறு ஸ்குரூவின் துளையை அந்தக் காலத்தில் மெழுகால் அடைத்துத் தந்தது இதனால்தான். அந்த மெழுகு உதிர்ந்திருக்கும், குமிழ் உடைந்திருக்கும், பின் அட்டை காணாமல் போயிருக்கும். அப்படி ஒன்றைச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செருகிப் பார்க்கச் சொல்வது எத்தகைய யோசனை என்பதை ஆசிரியர் அவர்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் அழகைப் பற்றித்தான் கட்டுரை அதிகம் பேசியது என்பதால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டயல் கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்துகள் துணியோடு வந்துவிடும். நான் பழுதுபார்த்த முதல் ரேடியோவில் இந்தத் தவற்றைச் செய்தேன். ஒரே இழுப்பில் கொழும்பு என்ற பெயர் மறைந்துபோனது. இலங்கை வானொலியைக் கேட்பதற்காகவே ரேடியோ வாங்கிய மனிதருடைய பெட்டி அது. அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதன் பிறகு கண்ணாடியின் முன்பக்கத்தை மட்டுமே துடைக்கிறேன். பின்பக்கத்தின் தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் தள்ளுவதோடு சரி.

முள்ளை நகர்த்தும் டயல் நூலைக் கழற்றும் முன் அது எந்தக் கப்பியில் எத்தனை சுற்று போகிறது என்று காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும்; மீன்பிடி நரம்பு வழுக்கும், பின்னிய நைலான் நூலே பிடிக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் கரப்பான் அரித்த இடங்களை மெல்லிய டிஷ்யூ காகிதமும் நீர்த்த வெள்ளைப் பசையும் கொண்டு ஒட்டினேன். பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. மாமா காலத்துப் பளபளப்பு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பஞ்சுப் பொட்டலத்தால் தேய்த்து ஏற்றிய பாலிஷ். அதே முறையில், கீறல் விழுந்த இடங்களில் மட்டும், நாளுக்கு ஒரு பூச்சாக இரண்டு வாரம் தேய்த்தேன். வலது குமிழைச் சுற்றி, மாமாவின் விரல்கள் பட்டுப்பட்டு மரம் வெளிறிய பிறை வடிவம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடவில்லை.

ரேடியோ பேசிய மாலையைச் சொல்கிறேன். மாடிச் சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பழைய செம்புவலை ஏரியலிலிருந்து ஓர் ஒயரை இறக்கினேன். முதலில் வந்தது இரைச்சல் மட்டுமே. வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகளையும் செல்போன் சார்ஜரையும் அணைத்தேன். இரைச்சலில் பாதி அடங்கியது. இன்றைய வீடுகளில் ரேடியோ சரியாகக் கேட்காததற்கு இவையே காரணம். பலரும் ரேடியோவின் மேல் பழி போடுகிறார்கள். முள் 936-ஐ நெருங்கும்போது மாயக்கண்ணின் மங்கிய பச்சை விசிறி மெல்ல விரிந்தது. திருச்சி வந்துவிட்டது. அறிவிப்பாளரின் குரல் நெஞ்சுக்கூட்டிலிருந்து வருவதுபோல் கனமாக இருந்தது. தொலைபேசியிலேயே அத்தைக்கு அதைக் கேட்கக் கொடுத்தேன். “இதே சத்தம்தான். சாயங்காலம் மாடு கட்டறப்ப கேக்குமே, அதே சத்தம்” என்றார்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கினால்தான், உள்ளுறுப்புகளை எறியச் சொல்வது ஏன் தவறு என்பது புரியும். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளை வைக்கும்போது, ரேடியோவுக்குள் ஈ.சி.எச். 81 வால்வு தானே 1391 கிலோஹெர்ட்ஸில் அதிர்கிறது. இரண்டும் கலந்து, அவற்றுக்கு இடையிலான வித்தியாசமாகிய 455 கிலோஹெர்ட்ஸ் பிறக்கிறது. எந்த நிலையத்துக்கு முள்ளை நகர்த்தினாலும் வால்வின் அதிர்வும் கூடவே நகர்ந்து, வித்தியாசம் எப்போதும் 455 ஆகவே இருக்கும். எனவே அந்த ஒரே அலைவரிசையை மட்டும் செம்மையாகப் பெருக்கும்படி அடுத்துள்ள உறுப்புகளை அமைத்தால் போதும். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918-இல் கண்ட சூப்பர்ஹெட்ரோடைன் என்னும் இந்த முறையையே பிறகு வந்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களும் கடைப்பிடித்தன. மாமாவின் ரேடியோவில் அது கண்ணுக்குத் தெரிகிறது. குமிழைத் திருப்பினால், நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டென்சரின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதைப் பார்க்கலாம். முன்பகுதித் தகடுகள் வெளி அலையையும், பின்பகுதித் தகடுகள் உள் அலையையும் ஒரே அச்சில் சேர்ந்து நகர்த்துகின்றன. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி இதைப் பார்த்த பிறகு கேட்ட கேள்விகளுக்கு என்னால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. புளூடூத் ஸ்பீக்கர் அடங்கிய மரப்பெட்டியிடம் அவள் என்ன கேட்டிருப்பாள்?

சென்னை வானொலி 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி வானொலி 1939 மே 16 அன்றும் தொடங்கின. டிரான்சிஸ்டர் பரவும் வரை, கால் நூற்றாண்டுக்கு மேல், அவை ஒலிபரப்பிய கச்சேரியும் நாடகமும் செய்தியும் தமிழ் மக்களின் காதுக்கு வந்து சேர்ந்தது வால்வு வழியாகத்தான். ஏட்டுச்சுவடியின் மரச்சட்டம் அழகாக இருக்கிறது என்று சட்டத்தை வைத்துக்கொண்டு ஓலையை எறிபவர்கள் இல்லை. ரேடியோவுக்கு மட்டும் ஏன் அந்த யோசனை எழுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உதிரி பாகம் கிடைக்காது என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. நம் நாட்டில் பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் வால்வுகளைத் தயாரித்தது. அவை இன்னும் பழைய கடைகளின் அலமாரிகளிலிருந்து வெளிவருகின்றன. ஈ.எல். 84 போன்றவற்றைக் கிடார் ஆம்ப்ளிஃபையர்களுக்காக ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். கண்டென்சர்களும் ரெசிஸ்டர்களும் சென்னை ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கின்றன. மாமாவின் ரேடியோவுக்குப் பதினான்கு கண்டென்சர்கள், மூன்று ரெசிஸ்டர்கள், மெயின் ஒயர், டயல் நூல் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 1,150 ரூபாய். ஒரு வால்வுகூட மாற்றவில்லை. தேய்ந்துபோன மாயக்கண்ணை மாற்ற முடியும், ஆனால் மங்கலாகவேனும் அது இன்னும் திறக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

உண்மையில் கிடைக்காமல் போய்க்கொண்டிருப்பது கைத்திறன். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு வயது 83. கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது, ஆனால் ரேடியோவின் முனகலைக் கேட்டே எந்தக் கண்டென்சர் என்று சொல்கிறார். முன்பு சொன்ன 455 கிலோஹெர்ட்ஸுக்கு இசைவிக்கப்பட்ட ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரின் திருகாணியை யாரோ கண்டபடி திருகிக் கெடுத்த ரேடியோவை, சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமலே, திருச்சி நிலையத்தின் குரலை வைத்துக்கொண்டு சரிசெய்ததை நேரில் பார்த்தேன். அவரைப் போன்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருவர் இருப்பார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னணுவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு நாளாவது அவர்கள் முன் போய் உட்கார வேண்டும்; அவர்கள் சொல்வதைப் படம்பிடித்து வைத்தாலும் போதும்.

அகில இந்திய வானொலிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வால்வு ரேடியோக்கள் மிகப் பெரும்பாலும் மத்திய அலையையும் சிற்றலையையும் மட்டுமே ஏற்கும். சிற்றலையில் பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. மத்திய அலை ஒலிபரப்பும் நாட்டின் பல ஊர்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. பண்பலை எட்டாத தொலைவுக்கும், புயலில் செல்போன் கோபுரங்கள் சாயும் நாளுக்கும் மத்திய அலையே போய்ச் சேரும் என்பது கஜா புயலின்போது இருட்டில் இருந்த டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் மத்திய அலை நிலையங்களை நிறுத்தாமல் காக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இதுதான். நேரே செருகிப் பார்க்கச் சொன்ன வரியைத் திருத்தி, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அபாய எச்சரிக்கை ஒன்றை வெளியிட வேண்டும். பரணில் வால்வு ரேடியோ வைத்திருக்கும் வாசகர்கள், அதைச் செருகாமல், திறக்காமல், விற்காமல், பின்பக்க அட்டையைக் கழற்றாமல் அப்படியே வைத்திருந்தால் போதும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இருப்பவர்கள் தங்கள் அலுவலகம் மூலம் எனக்குத் தெரிவித்தால், நேரில் வந்து பார்த்து, கைக்கூலி எதுவும் வாங்காமல் என்னால் இயன்றதைச் செய்து தருவேன். என் முகவரி இந்தக் கடிதத்தின் உறையில் உள்ளது. கார்த்திகை வரை மழை ஈரம் இருக்கும் என்பதால், அதுவரை ரேடியோவைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
கும்பகோணம்.